மோதாமலே எழும் அதிர்ச்சி அலை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் இன்னிசையும் மணக்கும் இம்மேடையில் இவ்வாண்டு விஞ்ஞானமும் சிறிது பேசப்பட வேண்டும் என்று செயலாளர் பணித்தார். ரயில்வே அலுவலகத்தில் ஏடு எழுதும் குமாஸ்தாவாகிய நமக்கு மெட்ரிக்குலேஷனோடு நின்ற படிப்பே மூலதனம். ஆயினும், எளியவர்க்கு எளியவர் சொல்வதில் ஒரு வசதி உண்டு. புரியாத இடம் எது என்பது இருவருக்கும் தெரியும். எடுத்துக்கொண்ட பொருள் இது: காந்தப் புலத்தில் கட்டுண்ட பிளாஸ்மாவில் அதிர்ச்சி அலை எங்ஙனம் எழுகின்றது, அதனைச் சோதனைச் சாலையில் எங்ஙனம் உண்டாக்கி ஆராய்கின்றனர் என்பதாம். பெயரைக் கேட்டதுமே பின்வரிசையில் சிலர் காப்பியை நினைத்துக்கொள்வது தெரிகிறது. அவர்கள் பொருட்டு, நமக்குப் பழக்கமான ரயில் சிக்னலிலிருந்தே தொடங்குவோம்.

1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13, 14 தேதிகளில், ஸ்வீடன் நாட்டின் தென் பகுதியில் ரயில் சிக்னல்கள் காரணமின்றிச் சிவப்பாயின. தண்டவாளத்தின் மேல் வண்டி இல்லை, கம்பி அறுபடவில்லை, எவரும் விசையைத் தொடவுமில்லை. இது எப்படி நேர்ந்தது? தண்டவாள மின்சுற்று என்பதை நம் காலனியில் பாதிப்பேர் அறிவர். ஏனையோர்க்காக ஒரு வார்த்தை. பாதையின் ஒரு துண்டில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு முனையில் சிறிய மின்கலம் வைப்பர். மறு முனையில் ரிலே வைப்பர். மின்சாரம் தண்டவாளத்தின் வழியே ஓடி ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும்; அப்போது பச்சை. வண்டி வந்து ஏறினால் அதன் இருசும் சக்கரங்களும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும்; ரிலேக்கு மின்சாரம் எட்டாது, அது விழும்; சிவப்பு. அந்த ஜூலை இரவில் பூமிக்குள்ளேயே எழுந்த மின்சாரம் தண்டவாளத்தில் ஏறி, மின்கலத்தின் மின்சாரத்திற்கு எதிராக நின்றது. ரிலே விழுந்தது. வண்டி இல்லாமலே பாதை தன்னைத்தானே அடைத்துக்கொண்டது.

சிவப்பாகத் தவறினால் காலதாமதம் மட்டுமே. ரயில்வேயின் ஏற்பாடெல்லாம், தவறினாலும் பாதுகாப்பான பக்கமாகத் தவற வேண்டும் என்பதே. ஆனால் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக் கழகத்தார் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குகள், பூமியின் மின்சாரம் வேறு திசையில் பாய்ந்தால் வண்டி நிற்கும்போதே ரிலே தூக்கப்பட்டுப் பச்சை காட்டவும் கூடும் என்கின்றன. கணக்கில் கண்டதேயன்றிக் களத்தில் நடந்ததாகச் சொல்லப்படவில்லை. எனினும் கைக்கொடி பிடித்தவர்கள் வீட்டில் இச்செய்தி உறக்கத்தைக் கெடுக்கும்.

இதனினும் பெரிய கேடு 1989ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நேர்ந்தது. ஒன்றரை நிமிடத்திற்குள் மாநிலம் முழுவதற்குமான மின்வலை சரிந்தது. அறுபது லட்சம் மக்கள், கடுங்குளிரில், ஏறத்தாழ 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். இவ்வகைப் புயல்களுக்குக் காந்தப் புயல் என்று பெயர். நம் நாட்டிற்கும் இதில் பழைய பதிவு ஒன்று உண்டு. 1859ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் உலகையே உலுக்கிய மாபெரும் காந்தப் புயலைப் பம்பாய் கொலாபா ஆராய்ச்சி நிலையத்தின் காந்தமானிகள் எழுதி வைத்தன. அப்புயலின் வன்மையை இன்று ஆராய்வோர் அந்த ஏட்டைத்தான் நாடுகின்றனர். ஒழுங்காக ஏடு எழுதி வைத்த அந்தப் பெயரறியாக் குமாஸ்தாக்களுக்கு நம் வணக்கம் உரியது. பின்னர் பம்பாயில் டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டத் தலைப்பட்டபோது, அம்மின்சாரம் காந்தமானிகளைக் கலைக்கும் என்று அஞ்சி 1904ஆம் ஆண்டில் காந்தப் பதிவுகளை அலிபாகிற்கு மாற்றினர். தண்டவாளத்து மின்சாரம் காந்தத்தைக் கெடுக்கும். காந்தப் புயல் தண்டவாளத்து மின்சாரத்தைக் கெடுக்கும். பழிக்குப் பழி போலும்!

இனி இப்புயலை ஏவுவது யார் என்று பார்ப்போம். ஏவுவது சூரியன். அம்பாக வருவது பிளாஸ்மா.

பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீர், நீரைச் சூடாக்கினால் ஆவி. ஆவியை இன்னும் பல்லாயிரம் டிகிரி சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவிடும். எஞ்சிய அணுவுக்கு அயனி என்று பெயர். இவ்வாறு எதிர்மின் எலக்ட்ரானும் நேர்மின் அயனியும் கலந்து திரியும் குழம்பே பிளாஸ்மா. வீட்டுக் குழல் விளக்கினுள் ஒளிர்வது பிளாஸ்மா. மின்சார என்ஜினின் கூரைச்சட்டம் மேற்கம்பியில் உரசும்போது நீலமாகத் தெறிக்கும் பொறியும் பிளாஸ்மாவே. சூரியனோ முழுவதும் பிளாஸ்மா. மின்னேற்றம் உடையதாதலால் அது காந்தத்திற்குக் கட்டுப்படும். செக்கு மாட்டை எண்ணிப் பாருங்கள். உரலைச் சுற்றலாம், விலகி ஓட முடியாது. மின்துகளும் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றியே செல்லும். கோட்டின் நெடுகே ஓடத் தடையில்லை, குறுக்கே ஓடத்தான் தடை. இந்த ஒரு குணமே இன்றைய பேச்சு முழுவதற்கும் ஆணிவேர்.

சூரியனிலிருந்து இப்பிளாஸ்மா எப்போதும் எல்லாத் திசையிலும் வீசிக்கொண்டேயிருக்கிறது என்பதை 1958ஆம் ஆண்டில் சிகாகோப் பல்கலைக் கழகத்து யூஜின் பார்க்கர் கணக்கிட்டுச் சொன்னார். சூரியக் காற்று என்று பெயரும் சூட்டினார். கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் இருவரும் அது தகாது எனத் தள்ளினர். அந்தப் பத்திரிகைக்கு அந்நாள் ஆசிரியராயிருந்தவர் நம்மவர்: சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் விருப்பமில்லை. ஆனால் மறுத்தவர்கள் கணிதத்தில் ஒரு பிழையையும் காட்டவில்லை என்பதைக் கண்டு, கட்டுரையை அச்சேற்றினார். தமக்குப் பிடிக்காததை, பிழை காணாத காரணத்தால் வெளியிடும் ஆசிரியர் எத்தனை பேர்? சந்திரசேகரின் தந்தையார் ரயில்வேக் கணக்குத் துறையில் உயர்பதவி வகித்தவர் என்பதையும், அப்பணியின் நிமித்தம் லாகூரில் வாழ்ந்தபோதுதான் 1910ஆம் ஆண்டில் மகன் பிறந்தார் என்பதையும் இக்காலனிப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அவர், காந்தமும் பாய்பொருளும் கலந்த இயக்கத்தைப் பற்றி 1961ஆம் ஆண்டில் ஒரு பெருநூலே எழுதினார். அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். கணிதம் நம்மைப் பார்த்துச் சிரித்தது.

சூரியக் காற்றின் வேகம் சாதாரண நாளில் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். சூரியனில் பெரும் வெடிப்பு நேர்ந்தால் கோடிக் கணக்கான டன் பிளாஸ்மா ஒரே திரளாகப் பிய்த்தெறியப்பட்டு, விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகவும் பாயும். வேகமான திரள் முன்னே செல்லும் மெதுவான காற்றைத் தள்ளும்போது, அதன் முகப்பில் ஓர் அதிர்ச்சி அலை எழுகின்றது. காந்தப் புயலின் முதல் தட்டு அந்த அலையின் தட்டே.

அதிர்ச்சி அலை என்றால் என்ன? ஷண்டிங் யார்டுக்கு வாருங்கள். ஒரே பாதையில் இருபது வாகன்கள் இணைக்கப்படாமல், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நிற்கின்றன. என்ஜின் முதல் வாகனைத் தள்ளுகிறது. அது ஒரு மீட்டர் நகர்ந்து இரண்டாவதை இடிக்கிறது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதை இடிக்கின்றன. 'டமார், டமார்' என்னும் இடிப்பு வரிசையின் நெடுகே ஓடுகிறது. என்ஜின் நகர்ந்தது ஒரு மீட்டர்தான். இடிப்பின் முகப்போ அதற்குள் ஒரு வாகனின் நீளத்தையும் சேர்த்துக் கடந்துவிட்டது. முகப்புக்குப் பின்னே வாகன்கள் நெருங்கி ஓடுகின்றன. முன்னே உள்ளவை செய்தி அறியாமல் நிற்கின்றன. 'ஏதோ வருகிறது, ஒதுங்கு' என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. காற்றில் ஒலியே அச்செய்தியைச் சொல்லும் தூதன். ஒலியை விட விரைந்து ஒரு பொருள் வந்தால் தூதன் பிந்திவிடுகிறான். செய்தியும் அடியும் ஒன்றாக வந்து விழுகின்றன. அதுவே அதிர்ச்சி அலை. பிளாஸ்மாவில் இத்தூதன் வேலையைக் காந்தக் கோடுகளின் அதிர்வு செய்கிறது. 1942ஆம் ஆண்டில் இதனைக் கண்டு சொன்ன ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் ஆல்வேன் பெயராலேயே அதன் வேகத்தைக் குறிப்பர். பூமிக்கருகே சூரியக் காற்றில் அது விநாடிக்குச் சுமார் 50 கிலோமீட்டரே. நானூறு கிலோமீட்டர் வேகக் காற்று பூமியின் காந்தக் கோட்டையைத் தாக்கும்போது, தூதனைப் போல் எட்டு மடங்கு வேகத்தில் வருகிறது என்க.

இங்கேதான் ஒரு பெரும் புதிர் எழுந்தது. வாகன் உதாரணத்தில் உயிர்நாடி எது? இடிப்பு. பஃபர் பஃபரைத் தொட்டால்தான் தள்ளு பரவும். காற்றிலும் அப்படியே, மூலக்கூறுகள் மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம் ஓடுவதற்குள் ஒன்றை ஒன்று இடித்துவிடும். அதனால் காற்றில் அதிர்ச்சி முகப்பு கண்ணுக்குப் புலனாகாத அளவு மெல்லியது. சூரியக் காற்றிலோ ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்களே உள்ளன. ஒரு துகள் இன்னொன்றோடு மோத வேண்டுமானால் சராசரியாகச் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரமாகிய 15 கோடி கிலோமீட்டர் அளவு ஓட வேண்டும். பஃபர்கள் தொடாத வாகன்கள்! ஒன்றை ஒன்று ஊடுருவிச் செல்லக்கூடிய வாகன்கள்! இவற்றில் இடிப்பு எங்கிருந்து வரும்? முகப்பு ஒன்று இருந்தாலும் அது 15 கோடி கிலோமீட்டர் தடித்ததாயன்றோ இருக்க வேண்டும்?

ஆனால் பூமியின் காந்தமானிகள் வேறு கதை சொல்லின. புயல் தொடங்குகையில் காந்தப் புலம் சில நிமிடங்களுக்குள் சடக்கென்று எகிறுகிறது. தடித்த முகப்பாயின் மெல்ல மெல்ல ஏற வேண்டுமே! இத்திடீர்த் தன்மையைக் கண்டு, 1950களின் நடுப்பகுதியில் தாமஸ் கோல்டு என்பார், சூரியனிடமிருந்து வருவது கூரிய அதிர்ச்சி அலையே என்றார். பலர் நம்பவில்லை, மோதாத துகள்களில் அதிர்ச்சி எப்படி என்பதே கேள்வி. 1962ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், வெள்ளிக் கோளை நோக்கிச் சென்றுகொண்டிருந்த மாரினர்-2 கலத்தை அத்தகைய அலை ஒன்று கடந்தது. சில மணி நேரம் கழித்துப் பூமியின் காந்தமானிகள் துள்ளின. அடுத்து, 1963ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பட்ட செயற்கைக் கோள் ஒன்று, பூமிக்கு முன்னே சூரியன் பக்கமாக, படகின் முன்னே நீர் வளைந்து நிற்பது போல் ஓர் அதிர்ச்சி முகப்பு என்றும் நிற்பதைக் கண்டது. அதன் தடிப்பு கோடி கிலோமீட்டர் அன்று. நூறு கிலோமீட்டர் அளவே. மோதாமலே அதிர்ச்சி எழும் என்பது கண்கூடாயிற்று. எப்படி எழுகிறது என்பது மட்டும் கண்கூடாகவில்லை.

ஏன் ஆகவில்லை? செயற்கைக் கோள் ஒரு புள்ளி. முகப்பு அதனைச் சில விநாடிகளில் கடந்து போய்விடும். எக்ஸ்பிரஸ் வண்டி நில்லாமல் கடக்கும்போது பிளாட்பாரத்தில் ஓரிடத்தில் நிற்பவர் ஒரு சன்னலை மட்டும் பார்த்து, வண்டியில் யார் யார் எங்கெங்கே அமர்ந்திருந்தனர் என எழுதுவதைப் போன்றது அது. திரும்பவும் அதே வண்டியை வரச் சொல்லவும் முடியாது. வேண்டும்போது உண்டாக்கி, வேண்டுமளவு திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டுமானால், அலையைச் சோதனைச் சாலைக்கே அழைத்து வர வேண்டும்.

நூறு கிலோமீட்டர் முகப்பை அறைக்குள் எப்படி அடைப்பது? இதற்கு இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது. முகப்பின் தடிப்பு பிளாஸ்மாவின் அடர்த்தியைப் பொறுத்தது. அடர்த்தியின் வர்க்கமூலம் எத்தனை மடங்கு பெருகுகிறதோ, தடிப்பு அத்தனை மடங்கு குறையும். விண்வெளியில் கன சென்டிமீட்டருக்கு ஐந்து துகள். அறையிலுள்ள கலத்தில் பத்து லட்சம் கோடி துகள்களை நிரப்பினால், விண்ணில் 100 கிலோமீட்டராயிருக்கும் அளவு அங்கே சுமார் 7 சென்டிமீட்டராகச் சுருங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிற்குச் சென்று வகுத்துப் பார்க்கலாம். வேகமும் காந்தமும் உரிய விகிதத்தில் இருந்து, துகள்கள் மோதும் தூரம் மட்டும் கலத்தை விடப் பெரிதாயிருக்குமாயின், அறையிலுள்ள அலை விண்ணிலுள்ள அலைக்குத் தம்பியாகும். ஊர்ப் படத்தில் விரற்கடை தூரம் உண்மையில் பத்து மைலைக் குறிப்பது போலத்தான்.

முதன்முதல் இதில் திறம்படப் புகுந்தவர்களுள் இங்கிலாந்தின் கல்ஹம் சோதனைச் சாலையார் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் கருவிக்கு டரான்டுலா என்று பெயர். ஒரு பெருஞ் சிலந்தியின் பெயர் அது. குழாயினுள் முதலில் மெல்லிய பிளாஸ்மாவை உண்டாக்கிக் காந்தப் புலத்தை நிரப்பினர். பிறகு மின்தேக்கிகளில் சேர்த்து வைத்திருந்த மின்சாரத்தை ஒரே கணத்தில் இறக்கி, பிளாஸ்மாவைச் சுற்றோரத்திலிருந்து நடுவை நோக்கி நசுக்கினர். உள்நோக்கி ஓடும் அதிர்ச்சி அலை எழுந்தது. அதன் உள்ளே நுண்ணிய அளவைக் கருவிகளை நுழைத்துக் காந்தப் புலம் ஏறும் விதத்தை அளந்தனர். 1965ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியப்பூட்டியது. அலை கடந்த பின் எலக்ட்ரான்கள் அடைந்த சூடு, சாதாரண மின்தடையால் கிடைக்கக்கூடிய சூட்டை விட மிக அதிகம். மோதல் இல்லையேல் தேய்ப்பு இல்லை. தேய்ப்பு இல்லையேல் சூடு ஏது?

விடை 1969ஆம் ஆண்டளவில் தெளிவாகத் தொடங்கியது. முகப்பினுள் லேசர் ஒளியைச் செலுத்தி, அது சிதறுவதை அளந்தனர். முகப்பினுள் பிளாஸ்மா அமைதியாக இல்லை. சின்னஞ்சிறு மின் அலைகளால் கொதித்துக்கொண்டிருந்தது. எலக்ட்ரான் இன்னொரு துகளை இடிக்காவிட்டாலும் இந்தக் கொதிப்பை இடிக்கிறது. மேடு பள்ளமான பாதையில் ஓடும் மாட்டுவண்டி, எதிர்வண்டியோடு மோதாமலே ஆட்டம் கண்டு வேகம் இழப்பதில்லையா? அதைப் போல்வது. பஃபர் வேலையை மின்காந்தப் புலம் செய்கிறது என்பது இதன் பொருள். நம் நோக்கில் இந்த ஆராய்ச்சி முழுவதிலும் அழகான இடம் இதுவே. கருவிகள் பிற்காலத்தில் எவ்வளவோ பெரிதாயின. ஆனால் புதிரின் முடிச்சு அவிழத் தொடங்கியது அந்தச் சிலந்திக் குழாயில்.

முடிச்சில் இன்னொரு சுருக்கும் இருந்தது. அலையின் வேகம் தூதனின் வேகத்தைப் போல் சுமார் 2.7 மடங்கைத் தாண்டிவிட்டால், இத்தகைய தேய்ப்பு மட்டும் போதாது என்று கணிதம் சொல்கிறது. வரும் ஆற்றல் முழுவதையும் அதனால் சூடாக மாற்ற இயலாது. அப்போது முகப்பு வேறொரு தந்திரம் செய்கிறது. வரும் அயனிகளில் ஒரு பகுதியைச் சுவரில் எறிந்த பந்தைப் போல் வந்த வழியே திருப்பி எறிகிறது. காந்தம் அவற்றை வளைத்து மீண்டும் முகப்புக்கே கொண்டு வருகிறது. இச்சுற்றில் அவை மேலும் ஆற்றல் பெற்று, இரண்டாம் முறையில் உள்ளே புகுந்துவிடுகின்றன. திருமலையில் வைகுண்டம் வரிசையில் வாயிற்காப்பாளர் சிலரைத் திருப்பி விட, அவர்கள் சுற்றிக்கொண்டு இன்னும் வேகமாக வருவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். பூமிக்கு முன்னே நிற்கும் எட்டு மடங்கு அலை இவ்வகையினது.

இவ்வகை வன்மையான அலைகளை அறையில் உண்டாக்க லேசர் துணை வந்தது. லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள கலம் ஒன்றில், விநாடிக்கு ஒரு முறை காந்தமேற்றிய பிளாஸ்மாவை உண்டாக்குகின்றனர். அதனுள் ஒரு திண்பொருளின் மீது வலிய லேசர்த் துடிப்பைப் பாய்ச்ச, அப்பொருள் ஆவியாகி வெடித்து, பிஸ்டன் போல் பிளாஸ்மாவைக் காந்தத்திற்குக் குறுக்கே தள்ளுகிறது. பிஸ்டனை விட்டுப் பிரிந்து தனியே ஓடும் அதிர்ச்சி அலையை 2014ஆம் ஆண்டில் அவ்வாறு கண்டனர். 2017ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஒமேகா லேசர்க் கூடத்தில் பன்னிரண்டு மடங்கு அளவிலான அலையையே உண்டாக்கி அதன் வளர்ச்சியைப் படம் பிடித்தனர். பிரான்சு நாட்டில், 20 டெஸ்லா வலிமையுள்ள காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் வாயுவினுள் அலையைச் செலுத்தி, புரோட்டான்கள் அதன் முகப்பில் சறுக்கி ஏறி ஆற்றல் பெறுவதை 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடலலையின் முகப்பில் பலகை வைத்துச் சறுக்குவோரைப் போல என்று அவர்களே உவமை கூறினர். விண்வெளியிலிருந்து நம்மீது ஓயாமல் பொழியும் அண்டக் கதிர்களின் பிறப்பிடம், வெடித்த விண்மீன்களின் அதிர்ச்சி முகப்புகளே என்று அறிஞர் நெடுநாளாகக் கருதி வருகின்றனர். அதற்கு முதற்படி இந்தச் சறுக்கல்.

குறையையும் சொல்லியாக வேண்டும். அறையில் எழும் அலை கணப்பொழுதில் கலத்தின் சுவரை எட்டிவிடும். விண்ணில் அது நாட்கணக்காக ஓடி முதிர்கிறது. அறைக்குள் பிறந்த குழந்தையைக் கொண்டு முதியவரின் குணத்தை ஊகிக்கும் தொல்லை இதில் உண்டு. லேசர்க் கூடங்களில் ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நெடுநேரம் காத்திருக்கவும் வேண்டும். ஆதலால் சோதனைச் சாலையும் செயற்கைக் கோளும் கணிப்பொறியும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பியே வேலை நடக்கிறது. நம் நாட்டில் காந்திநகரை அடுத்துள்ள பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகம் 1986ஆம் ஆண்டு முதல் இத்துறைக்கென்றே இயங்கி வருகிறது. அங்கு மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் விட்டமும் உள்ள பெருங்கலத்தில், விண்வெளிப் பிளாஸ்மாவின் அலைகளையும் கொந்தளிப்பையும் ஆராய்கின்றனர். அதிர்ச்சி அலைக்கு மூத்த உறவினர் அக்கொந்தளிப்பு என்பதை முன்னரே கண்டோம்.

சோதனைச் சாலை என்றால் கடல் கடந்த நாடுகளில்தான் என்று எண்ணிவிட வேண்டா. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் செல்வோர் கடந்து போகும் காதங்கியில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 130 மீட்டர் சதுரமான திடலில் 1024 வானலை வாங்கிகள், வயலில் நட்ட நாற்றுப் போல வரிசையாக நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை மேலே செலுத்தி, எதிரொலியைக் கேட்கும் ரேடார் அது. நூறு கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் பூமியின் காந்தத்தில் கட்டுண்டு மிதக்கும் பிளாஸ்மாவின் கொந்தளிப்பை அது காண்கிறது. அங்கே ஆராயப்படுவது அதிர்ச்சி அலையன்று. அவ்வலை வந்து தட்டும் கதவு என்று சொல்லலாம்.

அலை புறப்பட்டு வருவதை நடுவழியில் கண்காணிக்கும் கலமும் இப்பக்கத்திலிருந்தே சென்றது. 2022ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா-எல்1 ஏவப்பட்டது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடத்தை 2024ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அடைந்தது. சூரியக் காற்றின் துகள்களையும் காந்தப் புலத்தையும் அளக்கும் கருவிகள் அதிலுள்ளன. விநாடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அலை அதனைக் கடந்து பூமியை எட்ட ஐம்பது நிமிடம் ஆகும்; ஆயிரம் கிலோமீட்டர் வேகமாயின் இருபத்தைந்து நிமிடம். அடுத்த நிலையத்திலிருந்து 'வண்டி விட்டாயிற்று' என்று மணி அடிப்பது போன்ற ஏற்பாடு. 2024ஆம் ஆண்டு மே மாதம் 10, 11 தேதிகளில், 2003ஆம் ஆண்டுக்குப் பின் கண்ட மிகக் கடுமையான காந்தப் புயல் வந்தபோது, இக்கலம் அதனைப் பதிவு செய்தது. லடாக்கின் ஹான்லே வானம் அவ்விரவில் செந்நிறம் காட்டியது.

இதெல்லாம் ஸ்வீடனுக்கும் கனடாவுக்கும் ஆகும் கவலை, பதின்மூன்றாம் அட்சரேகையில் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புயலின் பெருஞ்சீற்றம் துருவங்களை ஒட்டியே இருக்கும் என்பது மெய். ஆனால் 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டியது. காந்த நடுக்கோட்டை ஒட்டி, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் ஆறு போல ஓடுகிறது. அதிர்ச்சி அலையின் முதல் தட்டு வந்து விழும்போது, அந்த ஆறு அதனைப் பெருக்கித் தருகிறது. தரையில் மின்சாரம் எழுகிறது. இதற்குப் பெரும் புயல் பின்தொடர வேண்டுமென்பதில்லை. தட்டு ஒன்றே போதும். அந்தக் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்த ஆய்வுக் கழகத்தார் அதற்கென நிலையம் அமைத்து அளந்து வருகின்றனர். குடிபாலா அந்த ஆற்றின் கரையிலிருந்து வடக்கே விலகியிருக்கிறது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் சொந்த ஊர்களோ அதன் கீழேயே இருக்கின்றன.

ஆகையால் தென்னாட்டின் மின்வலைக்கும் நீண்ட கம்பித் தொடர்களுக்கும் புயல் எத்தனை நாள் நீடிக்கும் என்பதைவிட, முதல் தட்டின் முகப்பு எவ்வளவு கூரியது, எவ்வளவு அழுத்தத்தோடு வருகிறது என்பதே முக்கியமாகிறது. முகப்பின் கூர்மை எதனால் தீர்மானிக்கப்படுகிறது என்பதைத்தான், ஏழு சென்டிமீட்டர் அளவில், அந்தக் கலங்களுக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றலில் எத்தனை பங்கு எலக்ட்ரானுக்கும் எத்தனை பங்கு அயனிக்கும் போகிறது என்னும் பங்கீட்டுக் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை. காந்தக் கோட்டுக்குக் குறுக்கே வரும் அலைக்கு ஒரு கணக்கும், கோட்டின் நெடுகே வரும் அலைக்கு வேறொரு கணக்கும் ஆகிறது. இரண்டாவது வகையை அறைக்குள் முழுமையாக வளர்ப்பது மிகக் கடினம், ஏனெனில் அதற்கு நீண்ட கலமும் நீண்ட நேரமும் வேண்டும்.

வரும் ஞாயிறன்று காதங்கிப் பக்கம் பேருந்தில் போக நேர்ந்தால், பிள்ளைகளைச் சன்னலோரம் அமர்த்துங்கள். காப்பி தயாராகிவிட்டதென்று செயலாளர் கை காட்டுகிறார்.